35 × 12 = 105: ஒரு கோடைகால வகுப்பின் நிகழ்வு ஆய்வு

2023 ஜூலையில் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் நான் கொடுத்த நிகழ்வு ஆய்வு இரண்டரைப் பக்கம். "மாணவர் கணிதத்தில் பின்தங்கியிருந்தார். அன்றாடச் சூழலோடு இணைத்துக் கற்பித்ததில் நல்ல முன்னேற்றம் கண்டார்" என்று முடித்திருந்தேன். மதிப்பெண்ணும் வந்தது. ஆனால் அந்த இரண்டரைப் பக்கத்தில் ஒரு வாரத்தையே காணோம். மே 17-ஆம் தேதி புதன்கிழமை காலை பதினொன்றே காலுக்கு அந்தப் பையன் வகுப்பை விட்டு எழுந்து போனான். அதற்குக் காரணம் நான். அதை எழுதாமல் விட்டிருந்தேன். இப்போது முழுசாக எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் இருக்காது. பையனை வீட்டில் சின்னவன் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

வேலையும் இடமும்

எனக்குச் சொந்த ஊர் பரமக்குடியை ஒட்டிய எமனேஸ்வரம். தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். ஒரே மாவட்டம்தான், இரண்டு பஸ் மாறினால் கடல். ஆனாலும் இருபது வயது வரை நான் கடலைப் பார்த்தது அமாவாசைக்குத் தேவிபட்டினம் நவபாஷாணத்துக்கு வீட்டோடு போன சமயங்களில் மட்டும்தான். கடல் எனக்குத் திதி கொடுக்கிற இடம். அதில் ஒரு தொழில் நடக்கிறது என்பதை யோசித்ததே இல்லை.

தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் முதலாண்டு முடிந்திருந்த கோடை அது. தேவிபட்டினத்துக்கு வடக்கே ஒரு மீனவ ஊரில் நான்கு முதல் ஏழாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு ஆறு வாரம் வகுப்பு எடுக்க ஆள் வேண்டும் என்று ஒரு தொண்டு அமைப்பு கேட்டிருந்தது. மொத்தமாக ஏழாயிரம் ரூபாய். அரசின் மாலை வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர்களுக்கு அப்போது மாதம் ஆயிரம் ரூபாய்தான் ஊக்கத்தொகை என்பதால், எனக்கு இது பெரிய தொகையாகவே தெரிந்தது. ராமநாதபுரத்தில் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டு காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்பினேன்.

வகுப்பு நடந்தது புயல் பாதுகாப்பு மையத்தின் மாடியில். முப்பத்தொரு பிள்ளைகள், நானும் இன்னொரு பெண்ணும். தொடங்கிய மறுநாளே அக்கினி நட்சத்திரம் பிறந்தது. உப்பூரில் இருக்கிற பிள்ளையாருக்கு வெயிலுகந்த விநாயகர் என்று பெயர். அந்த மாடியில் உட்கார்ந்த எங்களில் யாருக்கும் வெயில் உகக்கவில்லை. கரன்ட் போனால் கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு கீழே வேப்பமரத்தடிக்கு வந்துவிடுவோம்.

இந்தக் கரையில் மே மாதம் என்றால் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதற்காக. 2017-க்கு முன்பு இது 45 நாளாக இருந்தது. நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது. இந்த ஒரு விதி என் வகுப்பை நடுவில் கோடு போட்டுப் பிரித்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. மண்டபம், சோளியக்குடி பக்கம் விசைப்படகு வைத்திருக்கிறவர்கள், அதில் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் அப்பா இரண்டு மாதம் இருப்பார். படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடிப்பது, வலை பார்ப்பது என்று நாள் போகும். அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒன்பதரைக்கே குளித்து, பவுடர் பூசி வந்துவிடுவார்கள். வத்தை என்கிற சின்ன நாட்டுப்படகில் போய் நண்டு வலை விடுகிற வீடுகளுக்கோ இதுதான் விலை கிடைக்கிற காலம். விசைப்படகு மீன் வராததால் எல்லாவற்றுக்கும் விலை ஏறும். அந்த வீட்டுப் பிள்ளைகள் பத்தே காலுக்கு, பத்தரைக்கு, சில நாள் வராமல். என் வருகைப் பதிவேட்டில் அவர்களுக்கு நேரே "ஆர்வமின்மை" என்று பென்சிலில் குறித்திருந்தேன். பென்சிலில்தான், ஆனாலும் குறித்திருந்தேன்.

மூன்று சரி, பதினேழு தவறு

முதல் வாரம் அமைப்பு கொடுத்த சோதனைத் தாளில் 20 கணக்கு. சின்னவன் ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்புக்குப் போகிறவன். மூன்று சரி. பதினாறாவது கணக்கு 35 × 12. அவன் எழுதியிருந்தது இப்படி: மேலே 70, அதன் கீழே நேராக 35, கோடு போட்டு 105.

நான் சிவப்பு மையால் சுழித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். "மெல்லக் கற்போர்" என்று தனியாக ஏழு பேர் பட்டியல் தயாரித்ததில் அவன் இரண்டாவது பெயர். அந்தச் சொல்லைப் பயிற்சி நிறுவனத்தில் நாங்கள் சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு மாதிரி சர்வசாதாரணமாகச் சொல்வோம்.

மே 12, வெள்ளிக்கிழமை. சித்தப்பாவுக்கு அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்ததால் அவர் வண்டியில் ஏழு மணிக்கே ஊருக்குள் வந்துவிட்டேன். மையத்தின் கதவு பூட்டியிருந்தது, கடற்கரைக்கு நடந்தேன். வத்தைகள் கரையேறியிருந்தன. ஒரு தார்ப்பாய் மேல் வலையைக் குவித்து வைத்து ஒரு அம்மாவும் பையனும் நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள். பையன் சின்னவன். நண்டின் முதுகை உள்ளங்கையால் அழுத்தி, கொடுக்கில் மாட்டிய நூலை ஒவ்வொரு இழையாக விலக்கினான். அவசரப்பட்டால் கால் ஒடியும், ஒடிந்தால் விலை போகாது. கொடுக்கு அசையாமல் இருக்க அதில் ஒரு சின்ன ரப்பர் வளையம் மாட்டிக் கூடையில் போட்டான். நான் நிற்பதைக் கவனிக்கவில்லை.

வியாபாரியின் ஆள் தராசு கொண்டுவந்தார். மூன்று கிலோ நானூறு கிராம், கிலோ 350 ரூபாய். அவர் கால்குலேட்டரை எடுப்பதற்குள் பையன் முணுமுணுத்தான்:

"மூணு கிலோ ஆயிரத்தி அம்பது. அரைக் கிலோன்னா நூத்தி எழுவத்தஞ்சு, அதுல நூறு கிராம் குறையுது, முப்பத்தஞ்சு போச்சு. ஆயிரத்தி நூத்தித் தொண்ணூறு."

கால்குலேட்டரும் 1190 என்றது. நான் பர்ஸிலிருந்து பேனாவை எடுத்துக் கையில் எழுதிச் சரிபார்த்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அப்புறம் அவனிடம் போய், "கிலோ முப்பத்தஞ்சு ரூபா, பன்னெண்டு கிலோ, எவ்வளவுடா?" என்றேன். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. ஆனாலும் பதில் வந்தது. "பத்துக் கிலோ முந்நூத்தம்பது. ரெண்டு கிலோ எழுவது. நானூத்தி இருவது."

மே 17

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பயிற்சி நிறுவனத்தில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் கண்ணெதிரே: குழந்தையின் அனுபவத்திலிருந்து தொடங்கு, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ. சனி, ஞாயிறு உட்கார்ந்து அட்டையில் நண்டு வெட்டினேன். சித்தி வீட்டுத் தராசைக் கடன் வாங்கினேன். புதன்கிழமை வகுப்பில் "நண்டுக் கடை". சின்னவனை முன்னால் கூப்பிட்டு நிறுத்தி, "இவனைப் பாருங்க. காலையில கடற்கரையில இவன் போடுற கணக்கு எனக்கே வராது" என்றேன். கூட இருந்த பெண் அமைப்பின் அறிக்கைக்காகப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

பின்வரிசையில் ஒரு பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னான். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. "நண்டுக்காரா, கிலோ எவ்வளவுடா?" என்று ஒரு பெண் குரல். சின்னவன் தராசைப் பார்த்தபடியே நின்றான். நான் கையைத் தட்டி அமைதி கேட்டுவிட்டு, கெட்டிக்காரத்தனமாக, "சொல்லு, ரெண்டு கிலோ எழுநூறு?" என்றேன். அவன் சொல்லவில்லை. தராசைத் தரையில் வைத்தான், சத்தம் வராமல். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.

வியாழன் வரவில்லை. வெள்ளி வரவில்லை. அவனோடு வத்தைக்கார வீட்டுப் பிள்ளைகள் இன்னும் இரண்டு பேர் வரவில்லை. ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னபோது, கோடைகால வகுப்பில் இதெல்லாம் சகஜம், அந்த இடத்துக்கு வேறு பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். எண்ணிக்கை குறையக் கூடாது, அவ்வளவுதான் அவர் கவலை. அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. எண்ணிக்கையை வைத்துத்தான் அவருக்கும் பணம் வருகிறது.

வீடு

தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேராகத்தான் போக வேண்டும், வாசலில் உட்கார்ந்துதான் பேச வேண்டும் என்று அமைப்பில் விதி இருந்தது. போக்சோ சட்டம் பற்றி முதல் நாளே ஒரு மணி நேரம் சொல்லியிருந்தார்கள், குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நல்ல விதி. பெற்றோரின் சம்மதம் இல்லாமல் படம் எடுக்கக் கூடாது என்பதும் அதே தாளில் இருந்தது. அதைத்தான் நாங்கள் இருவரும் மறந்திருந்தோம்.

திங்கட்கிழமை சாயங்காலம் போனோம். சின்னவனின் அம்மா கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"வாங்க டீச்சர். போட்டோவ என்ன பண்ணுனீக?"

நான் எதிர்பார்த்த கேள்வி அது இல்லை. "எதுக்குக்கா கேக்குறீங்க?"

"பிள்ளைய வேலைக்கு விடுறாகன்னு எழுதிக் குடுத்திருவீகளோன்னுதான். பெரியவன் படிச்சப்ப ஒரு தடவ ஆபீஸர் வந்து கேட்டாரு. இவுக அப்பா கடலுக்குப் போயிட்டு வந்து படுக்கணும். நான் ஒத்தையா எத்தன கழட்டுவேன்?"

நான் அவமானத்தைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்துப் போனேன். அவர் பயத்தைப் பற்றிப் பேசினார். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். பள்ளி நேரம் போக, விடுமுறையில், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவுவதை 2016-இல் வந்த திருத்தம் அனுமதிக்கிறது என்பது அன்றைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முதல் நிமிடமே சொல்லியிருப்பேன். அந்தத் திருத்தத்தைச் சாக்காக வைத்துப் பிள்ளைகளை வேலையிலேயே அமுக்கிவிடலாம் என்ற கண்டனமும் உண்டு, அது நியாயமும்கூட. ஆனால் அந்த வாசலில் அந்த அம்மாவுக்குத் தேவைப்பட்டது ஒரே வரி. அது என்னிடம் இல்லை. படங்களை அவர் கண்ணெதிரிலேயே அழிக்கச் சொன்னேன். கூட வந்தவள் அழித்தாள்.

திண்ணையில் அப்பத்தா இருந்தார். நான் கணக்கு டீச்சர் என்று தெரிந்ததும், "அரைக்கால்ல பாதி என்ன, சொல்லு பாப்போம்" என்றார். விழித்தேன். "மாகாணி. இது தெரியாமயா கணக்குச் சொல்லித் தர்ற?" அரைக்கால் எட்டில் ஒன்று, மாகாணி பதினாறில் ஒன்று என்று வீட்டுக்கு வந்துதான் புரிந்துகொண்டேன். பாதி, பாதியில் பாதி என்று இறங்கும் கணக்கு. பேரன் அரைக் கிலோவைப் பிடித்துக்கொண்டு நடப்பது அங்கிருந்து வந்ததோ என்னவோ.

சின்னவன் அடுப்படியிலேயே இருந்தான். கிளம்பும்போது நான் உள்பக்கம் பார்த்து, "நான் பண்ணது தப்பு. இனிமே முன்னாடி கூப்பிட மாட்டேன்" என்றேன். பதில் வரவில்லை.

காகிதத்தில் எங்கே தடுக்கியது

புதன்கிழமை வந்தான். சாயங்கால வகுப்புக்கு மட்டும், கடைசி வரிசையில். நண்டு என்ற சொல்லை நான் அந்த மாடியில் மறுபடி எடுக்கவே இல்லை. காலை வகுப்பைப் பத்தரைக்கு மாற்றினேன். இது முதல் நாளே செய்திருக்க வேண்டியது. மற்ற இருவரில் ஒருத்தி திரும்பி வந்தாள், ஒருவன் கடைசிவரை வரவில்லை.

இதே விஷயத்தை வேறு ஊரில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரில் தெருவில் இளநீரும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளை வைத்து டெரசின்ஹா கராஹெர், டேவிட் கராஹெர், அனலூசியா ஷ்லீமன் மூவரும் 1985-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். விற்கும் இடத்தில் கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரி. அதே பிள்ளைகளிடம் அதே எண்களை வெறும் கணக்காகத் தாளில் கொடுத்தால் 37. கதைக் கணக்காகக் கேட்டால் இரண்டுக்கும் நடுவில், 74. இதைப் படித்த பலரும் "அப்படியானால் வகுப்பில் கடை வை" என்ற முடிவுக்குப் போய்விடுகிறார்கள். நானும் போனவள்தான். கடை வைத்தால் கடைக்காரன் யார் என்று முப்பது பேருக்குத் தெரிந்துவிடும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

நான் சிவப்பு மையால் சுழித்த 105-ஐ மறுபடி எடுத்துப் பார்த்தேன். 35-ஐ 2-ஆல் பெருக்கி 70. சரி. 35-ஐ 1-ஆல் பெருக்கி 35. அதுவும் சரி. ஒரு இடம் தள்ளி எழுதவில்லை, அது மட்டும்தான் பிழை. ஏன் தள்ள வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் யாரும் சொன்னதில்லை, "ஒரு பெருக்கல் குறி போட்டுட்டுத் தள்ளி எழுது" என்பார் எங்கள் ஐந்தாம் வகுப்பு டீச்சர். நானும் குறி போட்டேன், பாஸானேன். அவன் வாயால் கணக்குப் போடும்போது அந்த 1, பத்தாக இருக்கிறது. "பத்துக் கிலோ முந்நூத்தம்பது." காகிதத்துக்கு வந்ததும் அது வெறும் ஒன்றாகிவிடுகிறது. இன்னொன்றும் இருக்கிறது. வாய்க்கணக்கு பெரிய எண்ணிலிருந்து இறங்கும், ஆயிரம், நூறு, அப்புறம் சில்லறை, நாம் எண்ணைச் சொல்கிற வரிசையிலேயே. காகிதக் கணக்கு வலது ஓரத்துச் சில்லறையில் தொடங்கும். ஒரே எண்ணை எதிரெதிர்த் திசையில் நடக்கச் சொல்கிறோம்.

அதனால் அவனிடம் செங்குத்தாக எழுதாதே என்றேன். நீ சொல்வதை அப்படியே எழுது. 10-க்கு 350. 2-க்கு 70. மொத்தம் 420. நான்கு நாள் இப்படியே. ஐந்தாவது நாள் பழைய முறையை அதன் பக்கத்திலேயே எழுதி, கீழ் வரிசை 35-க்குப் பின்னால் விரலை வைத்து, "இங்க என்ன இருக்கணும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தான். "சைபர் டீச்சர். அது பத்துக் கிலோ." நண்டு என்று அவனும் சொல்லவில்லை. கிலோ என்று மட்டும் சொன்னான்.

கடைசி வாரம் அதே சோதனைத் தாளை மறுபடி கொடுத்தேன். 20-க்கு 11. பெருக்கல் எல்லாம் வந்தது. வகுத்தல் வரவில்லை, பின்னம் எழுத வரவில்லை. கால், அரை, முக்கால் எல்லாம் அவனுக்கு அத்துப்படி; ஒன்றின் கீழ் நான்கு என்று கோடு போட்டு எழுதினால் முகம் மூடிக்கொள்ளும். எனக்கு நேரம் போதவில்லை. பயிற்சி நிறுவனத்தில் கொடுத்த அறிக்கையில் 3-லிருந்து 11 என்பதை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன்.

சீட்டு

ஜூன் முதல் வாரம். அவனே ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து என் நோட்டுக்குள் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். வியாபாரியின் ஆள் எழுதிக் கொடுக்கிற கணக்கு. 5.200, 350, 1820. கீழே கமிஷன் 182. முன்பணம் 300. கடைசியில் வட்டம் போட்டு 1298. வலை வாங்க வாங்கிய முன்பணத்துக்கு நாள்தோறும் கொஞ்சம் கழித்துக்கொள்கிற ஏற்பாடு. சீட்டு வருஷக்கணக்காக வீட்டில் தகர டப்பாவில் சேர்ந்துகொண்டிருந்தது, யாரும் படித்ததில்லை.

வகுப்பு முடிந்ததும் மரத்தடியில் இரண்டு பேருமாகப் போட்டோம். 1820-இல் 182 போனால் 1638. 300 போனால் 1338.

"நாப்பது குறையுது டீச்சர்."

அவன் வீட்டுக்கு ஓட, நானும் கூட வகுப்பெடுத்த பெண்ணும் பின்னாலேயே போனோம். இந்தத் தடவை அவன் அம்மா ஊசியைக் கீழே வைத்தார். சீட்டை வாங்கிப் பார்த்தார், எழுத்துக்கூட்டி அல்ல, சும்மா.

"தெரியும்யா. ஐஸுக்குன்னு சொல்லுவாக. பெட்டிக்குன்னு சொல்லுவாக. சில நாள் ஒண்ணும் சொல்ல மாட்டாக."

"கேக்கலாம்லக்கா?" என்றேன்.

"கேக்கலாம். அடுத்த மாசம் வலை கிழிஞ்சா யாரு குடுப்பா? நீங்க குடுப்பீகளா?" கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது. நான் கடல் பக்கம் பார்த்தேன். சின்னவன் சீட்டைத் திருப்பி வாங்க வந்தபோது அவர் கொடுக்கவில்லை. மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, "கேக்க வேணாம். எழுதி மட்டும் வையி" என்றார்.

அந்த வருஷம் வெயில் காரணமாகப் பள்ளி திறப்பு தள்ளிப்போய், ஆறாம் வகுப்பு முதல் ஜூன் 12 என்று அறிவித்தார்கள். எங்கள் வகுப்பு 9-ஆம் தேதி வெள்ளிக்கிழமை முடிந்தது. பிள்ளைகளுக்கு மிட்டாய், எனக்கு ஒரு பிளாஸ்டிக் பூங்கொத்து. கிளம்பும்போது சின்னவன் நோட்டைக் காட்டினான். கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு ஐந்து பத்தி: தேதி, எடை, விலை, வர வேண்டியது, வந்தது. நான்கு நாள் கணக்கு. ஓரத்தில் வித்தியாசம் தனியாக: 40, 20, 40. நான்காவது நாளுக்கு நேரே ஒன்றும் இல்லை. மறந்துவிட்டானோ என்று விரலை வைத்துக் காட்டினேன்.

"அன்னைக்குச் சரியாக் குடுத்துட்டாக டீச்சர்" என்றான்.